அம்மா அப்பா இருக்கும்போது கார்டியன் எதற்கு?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். இப்போது டெக்சஸ் மாநிலம் பிளானோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். என் மருமகள் ஓக்லஹோமாவில் பிறந்தவள், அம்மா வழியில் க்ரீக் பழங்குடி. அவளுடைய கொள்ளுப்பாட்டி பெயரில் ஒரு கவுண்ட்டி (நம் ஊர் ஜில்லா மாதிரி) கோர்ட்டில் 1909 முதல் 1921 வரை நடந்த கார்டியன் வழக்கின் கட்டு இணையத்தில் கிடைத்தது, 140 பக்கம். வழக்கு தொடங்கியபோது அந்தப் பாட்டிக்கு ஆறு வயது. அப்பா அம்மா இருவரும் உயிரோடு இருந்திருக்கிறார்கள்; 1909 மனுவில் அந்த அம்மாவின் கைநாட்டுகூட இருக்கிறது. ஆனாலும் உறவே இல்லாத ஒரு வெள்ளைக்காரரைக் கோர்ட் கார்டியனாகப் போட்டிருக்கிறது. 1914-ல் அவர் 120 ஏக்கர் விற்றிருக்கிறார். பெற்றோர் குடிகாரர்களா, பிள்ளையைக் கைவிட்டவர்களா என்று மருமகள் குழம்புகிறாள். "இத்தனை பக்கத்தில் என் பாட்டி பேசிய ஒரு வார்த்தைகூட இல்லையே" என்று ஒரு நாள் அழுதேவிட்டாள். மூன்று பக்கங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கட்டை எப்படிப் படிப்பது? அந்த நிலம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அம்மா, முதலில் உங்கள் மருமகளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். கார்டியன் போட்டார்கள் என்பதை வைத்து அந்தப் பெற்றோரைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. குடிக்காதவர்கள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனவர்கள், பிள்ளையைத் தரையில் விடாமல் வளர்த்தவர்கள் எல்லோர் வீட்டுக்கும் அந்தக் காலத்தில் கார்டியன் வந்தார். ஆறு வயதுப் பிள்ளையின் பெயரில் 160 ஏக்கர் நிலம் இருந்தது. அதுதான் காரணம்.

எனக்கு ஓக்லஹோமாவில் வில்லங்கம் பார்க்கிற வேலை. எண்ணெய்க் கம்பெனி ஒரு நிலத்தில் துளை போடுவதற்கு முன்னால், அது யார் யார் கை மாறி வந்தது என்று கோர்ட் கட்டிடத்தில் உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டிச் சொல்ல வேண்டும். மாநிலத்தின் கிழக்குப் பாதியில் எந்த நிலத்தைத் தோண்டினாலும் மண்ணுக்கு முன்னால் ஒரு கார்டியன் வழக்குதான் தட்டுப்படும். அதனால் உங்கள் மருமகள் கையில் இருப்பது போன்ற கட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சம் பின்கதை தேவை. க்ரீக், செரோக்கி, சாக்டா, சிக்கசா, செமினோல் என்ற ஐந்து பழங்குடி தேசங்களும் நிலத்தைப் பொதுச் சொத்தாக வைத்திருந்தன. தனி ஆள் பட்டா கிடையாது. அதை உடைக்க 1893-ல் டாஸ் கமிஷன் என்ற மத்திய அரசுக் குழு வந்தது. 1898-ல் நிலத்தைப் பிரிக்க வழி செய்த கர்ட்டிஸ் சட்டம், 1901-ல் க்ரீக்குகளோடு ஒப்பந்தம். ஜனங்களைப் பதிவேட்டில் ஏற்றி, க்ரீக் பதிவேட்டில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் என்று பிரித்தார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் அதே 160. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஏழு பேருக்கும் சேர்த்து 1,120 ஏக்கர் வரும். நம் காவிரிக் கரையில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால் பண்ணையார் என்போம். அங்கே சோளமும் பன்றியும் வளர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் அவர்கள். மருமகளின் அந்தப் பாட்டியம்மா 1903 வாக்கில் பிறந்திருக்கிறார். அப்படியானால், கைக்குழந்தைகளுக்காகப் பின்னால் போட்ட துணைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். மருமகள் பெரியவர்களின் பதிவேட்டில் தேடி, பெயர் இல்லை என்று பயந்திருந்தால் அதற்கு இதுதான் விடை.

1907 நவம்பரில் ஓக்லஹோமா மாநிலம் ஆயிற்று. 1908 மே 27-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, நிலம் பெற்ற மைனர் பிள்ளைகளின் சொத்தை மாநிலத்தின் கோர்ட்டுகளிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு கவுண்ட்டியிலும் ஒரு கவுண்ட்டி கோர்ட், ஒரு ஜட்ஜ். அந்த ஜட்ஜ் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டு வாங்கி வருகிறவர். ஓட்டுப் போடுகிற வக்கீலும் கடைக்காரரும் பேங்க்காரரும்தான் மறுநாள் கார்டியன் மனுவோடு அவர் முன் நிற்பார்கள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, அப்பா இருக்கும்போது அவரையே கார்டியனாகப் போட்டிருக்கலாமே? சிலரைப் போட்டார்கள். ஆனால் பிள்ளையை வளர்ப்பது வேறு, பிள்ளையின் சொத்தைக் கையாள்வது வேறு. இரண்டாவதற்குக் கோர்ட்டில் ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், பொதுவாகக் கையாளப்போகிற பணத்தைப் போல இரண்டு மடங்குக்கு. அதற்குச் சொத்துள்ள ஆட்கள் ஜாமீன் நிற்க வேண்டும். பெற்றோரின் சொந்த நிலமோ பல வீடுகளில் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று சட்டம் கட்டிப்போட்ட நிலம். அதை நம்பி யார் ஜாமீன் நிற்பார்கள்? அதோடு மனு, நோட்டீஸ், வருஷக் கணக்கு எல்லாம் ஆங்கிலத்தில். வீட்டில் பேசுவது க்ரீக்குகளின் மஸ்கோகி மொழி. இந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்தவர்கள்தான் தொழில்முறைக் கார்டியன்கள். ஒரே ஆள் பத்து, இருபது, ஐம்பது பிள்ளைகளுக்குக் கார்டியன். மரப் பொந்தில் படுத்துக் கிடந்த மூன்று அநாதைப் பிள்ளைகளின் கதையை, மாநிலத்தின் அறநிலை, சிறைத்துறை ஆணையராக இருந்த கேட் பர்னார்ட் பதிவு செய்திருக்கிறார். விசாரித்தால் அவர்கள் பெயரில் எண்ணெய் நிலம். அவர்களின் கார்டியனோ இன்னும் 51 பிள்ளைகளுக்கும் கார்டியன். பர்னார்ட் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகக் கோர்ட் ஏற ஆரம்பித்ததும் அவருடைய துறைக்கு நிதியை நிறுத்திவிட்டார்கள்.

இதில் பேர் போன வழக்கு சேரா ரெக்டர் என்ற பெண்ணுடையது. க்ரீக்குகளிடம் அடிமைகளாக இருந்து விடுதலையான கறுப்பினத்தவரின் வம்சம், 1902-ல் பிறந்தவர். அவருக்குக் கிடைத்தது விவசாயத்துக்கு உதவாத நிலம். வருஷம் 30 டாலர் வரி கட்ட முடியாமல், விற்றுவிடுகிறேன் என்று அப்பாவே மஸ்கோகி கவுண்ட்டி கோர்ட்டில் மனுப் போட்டார். கோர்ட் மறுத்துவிட்டது. வரிக்காவது ஆகட்டும் என்று எண்ணெய்க் குத்தகைக்கு விட்டார். 1913-ல் அங்கே ஒரு நாளைக்கு 2,500 பீப்பாய் பீய்ச்சியடித்தது. எட்டில் ஒரு பங்கு ராயல்டி, தினம் சுமார் 300 டாலர். பெற்றோர் இருவரும் அருகிலேயே இருக்க, கார்டியனாக இருந்தவர் ஒரு வெள்ளைக்காரர். பத்திரிகைகள் எழுதி, கறுப்பினத் தலைவர் டு பாய்ஸ் வரைக்கும் விசாரிக்க நேர்ந்தது. அந்தப் பெண் சொத்தோடு பிழைத்தார், பின்னாளில் கான்சஸ் சிட்டியில் பெரிய வீட்டில் வாழ்ந்தார். கோர்ட் மறுத்தது நல்லதாகப் போன அபூர்வ வழக்கு. மறுபக்கம், சாக்டா இனத்து ஏழு வயதுப் பெண் லெட்சி ஸ்டெச்சி. எண்ணெய் நிலம் வாரிசாக வந்தும், மலைக்காட்டில் பாட்டியோடு அரைப்பட்டினி. கார்டியன் ஒதுக்கியது மாதம் 15 டாலர், அதுவும் ஒரு கடையில் பற்றுக் கணக்காக. 1923-ல் குழந்தை இறந்துபோனது. மறு வருஷம், பழங்குடி உரிமைக்காகப் பாடுபட்ட கெர்ட்ரூட் பானின் உள்ளிட்ட மூவர் வெளியிட்ட அறிக்கையில் இது விவரமாக வந்தது.

இப்போது உங்கள் மூன்று பக்கங்கள்.

1915-ம் வருஷக் கணக்குப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரவு 412 டாலர். செலவு: வக்கீலுக்கு 75, கார்டியன் சம்பளம் 100, ஜாமீன் கம்பெனிக்கு 10, கோர்ட் கட்டணம் 18. கூட்டினால் 203. அப்புறம் பிள்ளைக்கு ஒரு ஜோடி ஷூ 2.25, துணி 6.00. இந்த 8 டாலர் 25 சென்ட்தான் அந்த வருஷம் பிள்ளையின் மேல் பட்டது. மிச்சத்தில் 200 டாலர் "முதல் அடமானத்தின் பேரில் கடன்". கையிருப்பு 75 சென்ட். கீழே ஜட்ஜ் கையெழுத்து, "பார்த்து ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற முத்திரை.

இதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை, கவனித்தீர்களா? கூட்டல் சரி, ரசீது எண்கள் சரி. இந்தக் கட்டுகளில் திருட்டைத் தேடிக் கூட்டல் கழித்தல் போடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கோர்ட்டுக்குக் காட்டுவதற்காகவே எழுதிய கணக்கு சரியாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது பெயர்களை. அந்த 200 டாலர் கடன் வாங்கியவர் பெயர் கணக்கில் இருக்கிறது. அதே பெயர் நீங்கள் அனுப்பிய ஜாமீன் பத்திரத்திலும் இருக்கிறது, இரண்டாவது ஜாமீன்தாராக. அதாவது பிள்ளையின் பணத்துக்குப் பொறுப்பு ஏற்றவரே அந்தப் பணத்தைக் கடனாக வாங்கியிருக்கிறார். இது தானாகவே குற்றம் ஆகிவிடாது. ஆனால் 1916, 1917 கணக்குகளில் வட்டி வந்ததா, அசல் திரும்பியதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்த்த கட்டுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் கதை வெளியே வரும்.

இன்னொன்று, ரசீதுகளில் "உணவு, தங்குமிடம்" என்று வந்தால் அந்த வருஷம் பெண் எங்கே இருந்தாள் என்று தேடுங்கள். க்ரீக் பெண் பிள்ளைகளுக்கு யூஃபாலாவில் பழங்குடி நிதியில் நடந்த விடுதிப் பள்ளி இருந்தது. பள்ளிப் பதிவில் பெண்ணின் பெயர் இருக்கும், அதே மாதங்களுக்கு யாரோ ஒருவர் சாப்பாட்டுச் செலவு வாங்கியிருப்பார்.

விற்பனைத் தாள்களுக்கு ஒரு வரிசை உண்டு: விற்க அனுமதி கேட்டு மனு, பத்திரிகை அறிவிப்பு, மூன்று மதிப்பீட்டாளர்களின் மதிப்பு, விற்றதாகக் கோர்ட்டுக்கு அறிக்கை, கோர்ட் உறுதி செய்த உத்தரவு. நம் ஊரிலும் மைனர் சொத்தை விற்கக் கோர்ட் அனுமதி வேண்டும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கேயும் மதிப்பிட்ட தொகைக்கு ரொம்பக் கீழே விற்க முடியாது. அதனால் விளையாட்டெல்லாம் மதிப்பீட்டில்தான். அந்த மூன்று மதிப்பீட்டாளர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதே வருஷம் அதே கோர்ட்டில் நடந்த வேறு நாலு மைனர் வழக்குகளைத் திறந்து பாருங்கள். அதே மூவர் திரும்பத் திரும்ப வந்தால், நான் சொல்லாமலே புரியும். வாங்கியவர் பெயரையும் விட்டுவிடாதீர்கள். அவர் எத்தனை நாளில் யாருக்கு மறுகிரயம் செய்தார் என்பது கோர்ட் கட்டில் இருக்காது. பத்திரப் பதிவுகளில் இருக்கும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். கோர்ட் கிளார்க் வேறு, கவுண்ட்டி கிளார்க் வேறு. வழக்குக் கட்டு முன்னவரிடம், பத்திரம் பின்னவரிடம். இரண்டும் பெரும்பாலும் ஒரே கட்டிடத்தில் இருந்தாலும் ஒருவரிடம் கேட்டால் அடுத்தவரைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள். கவுண்ட்டி கோர்ட் என்ற அமைப்பே 1969-ல் மாவட்ட கோர்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் போனில் "கவுண்ட்டி கோர்ட்" என்று கேட்டால் சின்னப் பையன்கள் விழிப்பார்கள். 1909 கார்டியன் வழக்கு, ப்ரொபேட் (உயில், வாரிசு, மைனர் சொத்து வழக்குகள்) கட்டு என்று கேளுங்கள். வழக்கு, குடும்பம் வசித்த கவுண்ட்டியில் நடந்திருக்கும். நிலம் வேறு கவுண்ட்டியில் இருந்தால் பத்திரம் அங்கேதான் பதிவாகியிருக்கும்.

நிலம் திரும்ப வருமா என்று கேட்டீர்கள். அந்த 120 ஏக்கர் வராது. கார்டியன் விற்ற சொத்தை எதிர்த்து வழக்குப் போடச் சட்டம் கொடுத்த காலக்கெடு அந்தப் பாட்டி பெரியவளான சில வருஷங்களிலேயே முடிந்துவிட்டது. 2020-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மெக்கர்ட் வழக்கில் க்ரீக் தேசத்தின் எல்லை இன்றும் கலையவில்லை என்று சொன்னதை வைத்துச் சிலர் ஆசை காட்டுவார்கள். அது குற்ற வழக்குகளை யார் விசாரிப்பது என்பதைப் பற்றிய தீர்ப்பு. தனியார் பட்டாவை அது மாற்றவில்லை.

ஆனால் 120 என்ற எண்ணைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மொத்தம் 160, விற்றது 120. மிச்சம் 40 ஏக்கர் எங்கே? க்ரீக் பங்கில் 40 ஏக்கர் "குடியிருப்பு நிலம்", 120 "உபரி". 1908 சட்டப்படி, பதிவேட்டில் பாதிக்கும் மேல், முக்காலுக்குக் கீழ் பழங்குடி ரத்தம் என்று எழுதப்பட்டவர்களின் உபரியை விற்கலாம். குடியிருப்பு நிலத்தை 1931 ஏப்ரல் 26 வரை விற்கக் கூடாது. சரியாகப் பாதி என்று எழுதியிருந்தாலும் இதே விதிதான். ரத்தத்தைப் பின்னம் போட்டு அளந்த கொடுமையைப் பற்றித் தனியாகப் பேசலாம். இங்கே அது உங்கள் வீட்டுக்குச் சாதகமாக வேலை செய்திருக்கலாம். 1928-ல் இன்னொரு சட்டம் அந்தத் தடையை மேலும் 25 வருஷம் நீட்டியது. ஆகவே பாட்டி 1921-ல் 18 வயது முடிந்து கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது அந்த 40 ஏக்கர் அவர் பெயரிலேயே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் பிறகு விற்றிருந்தால் மத்திய அரசின் அனுமதித் தாள் இருக்கும். ஃபோர்ட் வொர்த்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடலாம், பிளானோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். நிலத்தை விற்றாலும் அடியில் உள்ள எண்ணெய், எரிவாயு உரிமையைத் தனக்கு நிறுத்திவைத்து விற்கிற வழக்கம் ஓக்லஹோமாவில் சர்வ சாதாரணம். கிரயப் பத்திரத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பொருளாளர் அலுவலகத்தின் உரிமை கோராத பணப் பட்டியலிலும் பாட்டியின் பெயரைப் போட்டுப் பாருங்கள், பெயரின் எல்லா எழுத்து வடிவங்களிலும். காசு செலவில்லை. ஏதாவது தட்டுப்பட்டால் அப்போது ஓக்லஹோமாவில் உரிமம் உள்ள ஒரு நில வக்கீலிடம் போங்கள். அதற்கு முன்னால், "வந்ததில் பாதி எனக்கு" என்று எழுதி வாங்க வருகிற யாரிடமும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கடைசியாக, பாட்டி பேசிய ஒரு வார்த்தைகூட இல்லை என்ற குறை. பிள்ளைக்கு 14 வயது ஆனால் கார்டியனாக யார் வேண்டும் என்று தானே சொல்லச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தப் பாட்டிக்கு அது 1917. அந்த வருஷத்துத் தாள்களில் கார்டியன் மாறியிருந்தால், அது அவர் குரலாக இருக்கலாம். 1921-ல் கணக்கை முடிக்கும்போது "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு ரசீது இருக்கும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது பக்கம் அதுதான். 1909 மனுவில் அவருடைய அம்மா கைநாட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் இந்த ரசீதில் முழுப் பெயரையும் மையால் எழுதியிருக்கிறார், கடைசி எழுத்தை மட்டும் கொஞ்சம் கீழே இழுத்து. வீட்டில் அவர் எழுதிய பழைய பைபிளோ கடிதமோ இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். இணையத்தில் ஏற்றியவர்கள் பல இடங்களில் தாளின் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்திருப்பார்கள். ரசீதுகள் துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டவை, பின்பக்கத்திலும் விஷயம் இருக்கும். சில வருஷங்களுக்கு முன் வேறொரு பெண்ணின் கட்டில், 14-ம் எண் ரசீது என்று குத்தியிருந்த ஒரு தாளைத் திருப்பினேன். பென்சிலில், விடுதிப் பள்ளியிலிருந்து கார்டியனுக்கு எழுதிய கடிதம். குளிர் வந்துவிட்டது, எல்லோருக்கும் கோட் வந்துவிட்டது, எனக்கு எப்போது வரும் என்று. கார்டியன் கோட் வாங்கியதற்கு அத்தாட்சியாக அதையே கணக்கோடு சேர்த்துக் குத்திவிட்டார். இல்லாவிட்டால் அது தப்பியிருக்காது. மருமகளை நேரில் போகச் சொல்லுங்கள். கட்டைக் கொடுக்கச் சொல்லி, ஒவ்வொரு ரசீதையும் திருப்பிப் பார்க்கட்டும். செவ்வாய், புதன் போனால் கூட்டம் குறைவு. சில இடங்களில் பேனா அனுமதிக்க மாட்டார்கள், பென்சில் எடுத்துப் போகட்டும்.